மரத்தோடு குளவியையும் குறியுங்கள்

அத்திப் பேரினத்துக்கென்றே ஒரு கருத்தரங்கைக் கூட்டி, அதற்குத் தலைமையேற்க என்னை அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

ஆல், அரசு, அத்தி, இத்தி, பேயத்தி, சீமை அத்தி எல்லாம் ஃபைகஸ் என்னும் ஒரே பேரினம். வெப்பமண்டலமெங்கும் 750-க்கும் மேற்பட்ட இனங்கள் பரவியிருக்கின்றன. இவற்றின் பரவலைக் காட்டும் நம் வரைபடங்களில் மரம் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். அந்தப் புள்ளி பாதி உண்மைதான்.

அத்தியின் பூக்கள் காய்க்குள்ளே அடைபட்டுக் கிடப்பவை. நுனியிலுள்ள சிறு துளை வழியே உள்ளே புகும் பெண் குளவிதான் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது. அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தியினத்துக்கும் தனிக் குளவி. அத்திப்பழத்தைப் பிட்டால் புழு என்று முகம் சுளிக்கிறோமே, அந்த உயிர் இல்லையேல் காட்டு அத்திக்கு முளைக்கும் விதை இல்லை.

எகிப்தைப் பாருங்கள். சிக்கமோர் அத்தியைப் பழங்காலந்தொட்டு அங்கே வளர்க்கிறார்கள். ஆனால் அதன் குளவி அங்கே இல்லை. காயைக் கத்தியால் கீறிவிட்டுப் பழுக்கவைத்தார்கள். கிளையை வெட்டி நட்டு மரத்தைப் பெருக்கினார்கள். கீறல் தழும்புள்ள காய்கள் பண்டைய கல்லறைகளிலேயே கிடைத்திருக்கின்றன. இதே அத்தி நமீபியாவின் உகாப் ஆற்றங்கரையில் பாலைக்கு நடுவே நிற்கிறது. அங்கே இரண்டு நாள்கூட வாழாத குளவி, காற்றில் ஏறி 160 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் மகரந்தம் கொண்டுவருவதை மரபணு ஆய்வு காட்டியது. எகிப்தில் மனிதன் காக்கும் மரம், நமீபியாவில் தன் காலில் நிற்கும் மரம். நம் வரைபடத்திலோ இரண்டும் ஒரே நிறப் புள்ளி.

கலிபோர்னியாவில் 1880-களில் நட்ட ஸ்மிர்னா வகைச் சீமை அத்தி காயை உதிர்த்துக்கொண்டே இருந்தது. 1899-இல் குளவி வந்து நிலைத்த பிறகே விளைச்சல் கண்டார்கள். ஹவாயில் நடந்தது இதற்கு எதிர்மாறு: அழகுக்காக நட்ட கல்லிச்சி, அதற்குரிய குளவியையும் கொண்டுவந்து விட்டபின், சுவரிலும் பிற மரங்களிலும் தானே முளைத்துப் பெருந்தொல்லையாயிற்று. புணே அருகே புரந்தரில் விளையும் சீமை அத்திக்கோ, காய்க்க மகரந்தச் சேர்க்கையே வேண்டாம்.

நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்கு இது வெறும் ஏட்டறிவு அன்று. குளவியின் ஆயுள் குறுகியது; ஆகவே வட்டாரத்தில் ஏதேனும் ஒரு மரமாவது எப்போதும் காய்த்திருக்க வேண்டும். மற்ற கனிகள் அற்றுப்போகும் மாதங்களில் இருவாச்சிக்கும் சிங்கவால் குரங்குக்கும் அத்தி கிடைப்பது இதனால்தான். மரங்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் இந்தத் தொடர் அறுந்துவிடும். மிஞ்சிய மரங்கள் பசுமையாகவே நிற்கும். விதை மட்டும் இராது. சாலை அகலப்படுத்தும்போது ஆலமரங்களை வெட்டிவிட்டு, வேறிடத்தில் போத்து நட்டோம் என்று கணக்குக் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வளர்ந்த ஆல் தந்த கனியை அந்தப் போத்து பல்லாண்டு தராது.

ஆகவே இங்கே கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். மரம் நட்டதா, தானே முளைத்ததா என்று எழுதுங்கள். காய்த்த மாதத்தை எழுதுங்கள். உலர்தாளில் இலையை ஒட்டுவதோடு நின்றுவிடாமல், பழுக்கவிருக்கும் நாலைந்து காய்களை வலைத்துணி கட்டிய புட்டியில் இட்டு, வெளிவரும் குளவிகளை எத்தனாலில் சேமியுங்கள். அதைப் பூச்சியியல் துறை நண்பரிடம் கொடுங்கள். தாவரவியல், பூச்சியியல் என இரு துறையினரும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கும் இன்றே அந்த ஏற்பாட்டைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.