சேர்ந்து குடிபெயர்தல்

1990-இல் டெக்னோபார்க் தோன்றிய திருவனந்தபுரத்தில், கணினித் துறையாரோடு பழகுவோர்க்குக் 'கிளஸ்டர்' என்னும் சொல் புதிதன்று. ஒரு தரவுத்தளத்தைக் காக்க இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சர்வர்களைப் பிணைத்து வைப்பதே அது. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று பணியை ஏற்கும். விண்டோஸ் என்.டி.யில் 1997 முதல் இவ்வசதி அமைந்தது.

பணி மாறும்போது தரவு வட்டு, முகவரி, பெயர், தரவுத்தளச் சேவை ஆகிய நான்கும் சேர்ந்தே செல்ல வேண்டும். அதற்காகவே அவற்றை ஒரே 'வளக் குழு'வாக அமைக்கின்றனர். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது விளங்காததன்று. அரிசி ஓரூரிலும் அடுப்பு வேறூரிலும் இருந்தால் உலை கொதிக்குமோ? வரிசையும் உண்டு: முகவரி அமைந்த பின்னரே பெயர், வட்டும் பெயரும் ஆயத்தமான பின்னரே சேவை.

எனினும், தொடர்பற்ற இரு சேவைகளை ஒரே குழுவில் அடைத்தல் பிழை. ஒன்று பழுதுற்றால் மற்றதும் வீணே இடம்பெயர நேரும்.

ஆகவே, கூட்டியதும் பிரித்ததும் சரிதானா என்பதை, ஓய்வான வேளையில் பணியை மாற்றிப் பார்த்தே அறிதல் வேண்டும். நள்ளிரவில் மருத்துவர் நோயாளியின் பதிவேட்டைத் தேடும்போது அறிவது, காலங்கடந்த அறிவாகும்.