மலையைத் தெரிந்து வைத்திருப்போம்
(கிளைக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், நிலுவை, சேமலாப நிதி என்று பேசிப் பழகிய இடத்தில் இன்று மலையையும் காட்டையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். அதில் தப்பில்லை. அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கி, தம்பேத்தன்னை வழியாக லிப்டன் சீட்டுக்கு ஏறி, படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு உரிய பேச்சு இது என்றுதான் நாமும் நெடுங்காலம் நினைத்திருந்தோம். ஆனால் அந்தப் படத்தில் தெரிகிற பள்ளத்தில் குடியிருப்பது நாம்தானே.

முதலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்போம். மத்திய மலைநாட்டின் தெற்கு ஓரம் இது. அப்புத்தளைக்குத் தெற்கே மலை சுவர் போல இறங்குகிறது. அந்தச் சரிவில் ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை, பூனாகலை. அதற்கும் கீழே வெல்லவாய சமவெளி. நம் மலைகளில் ஊறுகிற தண்ணீர் பூனாகலை ஓயாவாகி, தியலும நீர்வீழ்ச்சியில் 220 மீட்டர் விழுந்து, கிரிந்தி ஓயாவோடு சேர்கிறது. பிறகு லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம், திஸ்ஸமஹாராமை வயல்கள், கடைசியில் கடல். நம் லயத்துப் பீலியில் குழாய் உடைந்து கிடக்கிற அதே தண்ணீர் தெற்கே நெல் விளைய வைக்கிறது. இதை ஒரு பேச்சுவார்த்தை மேசையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது காற்று. ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கு மழை ஹட்டன், நுவரெலியா பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் வெறும் காய்ந்த காற்றாக வருகிறது. நம்மவர்கள் சொல்லும் கச்சான் காற்று அதுதான். அந்த வறட்சியில் செடி மெதுவாக வளர்கிறது. கொழுந்து சிறுக்கிறது, ஆனால் வாசம் ஏறுகிறது. ஊவா சீசன் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பேர் கிடைத்தது இந்தக் காற்றால்தான். நமக்கு என்ன கிடைத்தது? கொழுந்து இல்லாத நாளில் நிரை முழுக்க நடந்தாலும் கிலோ நிறையாது. அரைப் பேர் போடுகிறார்கள். வாசத்துக்கு ஏலத்தில் விலை உண்டு, தராசில் அதற்கு எடை இல்லை. சீசன் மாதங்களில் கிலோக் கணக்கைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்பதன் நியாயம் இந்தக் காற்றிலேயே இருக்கிறது. அதே மாதங்களில்தான் மானாப்புல்லும் காய்ந்து தீப்பிடிக்கிறது. வேட்டைக்காகவும் இளம்புல்லுக்காகவும் தீ வைக்கிறவர்கள் நமக்குள்ளேயும் உண்டு. எரிந்த சரிவில் முதல் மழைக்கே மேல்மண் ஓடிவிடும்.

இனி குளவி. இந்தச் சொல்லைக் கேட்டதும் கொழுந்து எடுக்கிற அக்காமார் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. குளவி என்று நாம் சொல்வது பல தடவை மலைத்தேனீதான். உயர்ந்த மரத்திலும் பாறை முகத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும். பூக்காலத்தை ஒட்டி இடம் மாறும். அதனால் போன மாதம் இல்லாத மலையில் இந்த மாதம் கூடு இருக்கலாம். பருந்து கொத்தினாலும், காற்றில் கிளை ஆடினாலும் கலையும். ஒன்று கொட்டினால் அந்த இடத்திலிருந்து எழும் வாசனை மற்றவற்றையும் இழுக்கும். ஆகவே நின்று அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். கொடுக்கு தோலில் நின்றால் நேரம் கடத்தாமல் வழித்து எடுக்க வேண்டும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. லொறி வரட்டும் என்று காத்திருந்த நேரத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. பிரட்டுக்கு முன்னால் அன்றைய மலையில் கூடு இருக்கிறதா என்று பார்ப்பது நிர்வாகத்தின் வேலை. பார்த்தாயிற்றா என்று கேட்பது நம் வேலை.

சிறுத்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். அது தேயிலைக்குள் வருவது பன்றிக்கும் கேளையாட்டுக்கும் நாய்க்கும்தான். மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். மரக்கறித் தோட்டத்தைக் காக்கப் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் அது மாட்டும்போதுதான் ஆபத்து. இடுப்பில் கம்பி இறுகிய சிறுத்தையை வேடிக்கை பார்க்கப் போய்க் காயப்பட்டவர்கள் உண்டு. சுருக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம். பன்றித் தொல்லை உண்மை, அதற்கு வேலி கேட்போம்.

கடைசியாக, எல்லோரும் மனதில் வைத்திருக்கிற விஷயம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, போய்க் குடியிருக்கக் காணி வரவில்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதவனை எழும்பிப் போ என்றால் எங்கே போவான்? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயங்கள் சேதமாயின.

நம் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் மட்டும் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். மழைமானி இல்லாவிட்டாலும் மலை அடையாளம் காட்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த சவுக்கு மரம், இஸ்தோப்புச் சுவரில் பிளவு, திடீரென்று இறுகிப்போன கதவு, கலங்கி வரும் ஊற்று. ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றுபோனால் அதுவும் அடையாளமே. இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கமிட்டி முடிவு செய்தது இவ்வளவு. ஒக்டோபருக்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு மழைமானி வைக்கும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் போகும். தினமும் அதைப் பார்த்து எழுத, டிவிசனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மேல் லயத்தில் வெடிப்புக் கண்ட காமராக்களின் இலக்கத்தைக் கூட்டம் கலைவதற்குள் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.