பெட்டியின் மேல் எழுத்து

மானிப்பாய் என்ற பெயரைக் கேட்டவுடன் மருதடிப் பிள்ளையாரை நினைப்பவர் உளர். அங்குள்ள மருத்துவமனையை நினைப்பவரும் உளர். எழுத்தை நேசிப்போர் நினைப்பது அவ்வூரில் முன்னர் இருந்த அச்சுக்கூடத்தை. 1834ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் மைனர் என்னும் அச்சாளரைக் கொண்டு அதனை நடத்தத் தொடங்கினர். 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் அங்கேதான் அச்சேறிற்று.

ஈய எழுத்தைக் கோத்து அச்சிடும் கூடங்களிலே தொழில் புரிந்தோருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. எழுத்துக்களை இடவலம் மாறிய நிலையிலேயே படித்துப் பிழை காண்பார்கள். ஈயத்தில் எழுத்துப் புரண்டிருந்தால்தான் தாளில் அது நேராக விழும். இன்றைய பேச்சின் பொருளும் புரட்டி அச்சிட்ட எழுத்தே. ஆனால் அது போய்ச் சேரும் இடம் புத்தகம் அன்று. இசைக் கலைஞனின் காலடியில் கிடக்கும் ஒரு சிறிய அலுமினியப் பெட்டி.

மின்கித்தார் வாசிப்போர் காலால் மிதித்து இயக்கும் பெட்டியைப் பெடல் என்பர். கித்தாரிலிருந்து வரும் மின்னலை அதனுள்ளே சென்று உருமாறி வெளிவரும். இக்கருவியின் பிறப்பே ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்திலே ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதடைந்தது. வாத்தியத்தின் ஒலி கரகரத்தது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை எறிந்துவிடாமல், அவ்வொலியை வேண்டும்போது எழுப்பும் கருவி ஒன்றை உருவாக்கினார். 1962இல் அது கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பாட்டொன்றால் அக்கரகரப்பு உலகெங்கும் பரவிற்று.

இத்தகைய பெட்டியை வீட்டிலேயே செய்ய இயலும். இரண்டு டிரான்சிஸ்டர், சில தடைகள், சில மின்தேக்கிகள், 9 வோல்ட் மின்கலம் ஒன்று, இவை போதும். மானிப்பாயில் ஓர் இளைஞன் அதனைச் செய்து முடித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி நன்றாகவே ஒலிக்கிறது. ஆயினும் மேற்புறத்தில் மூன்று குமிழ்கள் இருக்கின்றன. எது எதற்கு என்று எழுதப்படவில்லை. செய்தவனுக்கு அது மனப்பாடம். நண்பன் வாங்கிச் சென்றால் அவனுக்கு அது ஊமைப் பெட்டி.

அது வெறும் அழகுக் குறையும் அன்று. பெரும்பாலான பெடல்களில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் துளையின் நடுமுனை எதிர்மின் முனையாக இருக்கும். வீட்டிலுள்ள வேறு பல கருவிகளின் மின்செருகிகளிலோ நடுமுனை நேர்மின் முனை. அறியாது அதனைச் செருகினால், காப்பு அமைக்காத சுற்றிலே டிரான்சிஸ்டர் நொடியில் அழிந்துவிடும். மூன்று கிழமை உழைப்பு, மூன்று சொல் எழுதாமையால் வீணாகும். ஆகவே எழுத்து அக்கருவிக்கு அணி அன்று, உறுப்பு.

கையால் எழுதிய மை விரல் பட்டு அழியும்; ஒட்டிய காகிதம் ஈரம்பட்டு ஊறும். இவ்விரண்டிற்கும் மாற்றாக வந்ததே ட்ரான்ஸ்பேரன்சித் தாள். முன்னர் வகுப்பறைகளிலே விளக்குப் பெட்டியின் மேல் வைத்துத் திரையில் படம் வீழ்த்தப் பயன்பட்ட அதே கண்ணாடித் தாள். எழுத்தையும் கோலத்தையும் கணினியில் அமைத்து, இடவலம் மாற்றி, அத்தாளில் அச்சிடுதல் வேண்டும். பின்னர் அச்சுப் பதிந்த பக்கம் பெட்டியை நோக்குமாறு ஒட்டினால், தாளினூடே எழுத்து நேராகத் தெரியும். மை தாளின் அடியில் அடங்கிவிடுவதால் காலணியும் வியர்வையும் அதனைத் தீண்டமாட்டா. தாளே எழுத்துக்குக் கவசமாகிறது.

இந்த உபாயம் தமிழருக்குப் புதியதன்று. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர் கண்ணாடியின் பின்புறத்திலேயே தீட்டுவர். கண்ணிமை, நகை முதலிய நுண்கோடுகளை முதலிலும், பின்னணி வண்ணத்தை இறுதியிலும் இடுவர். பார்ப்பவர் முன்புறமிருந்து காண்பார். ட்ரான்ஸ்பேரன்சி வேலையின் தத்துவமும் அதுவே.

செய்முறையிலே கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, தாளின் இனம். மைத்தூளைச் சூட்டால் உருக்கிப் பதிக்கும் லேசர்ப் பொறிக்குச் சூடு தாங்கும் தாளே வேண்டும். பிற தாளை இட்டால் அது பொறிக்குள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். திரவ மையைத் தெளிக்கும் பொறிக்கோ, ஒரு பக்கம் பூச்சிட்டுச் சொரசொரப்பாக்கிய தாள் வேண்டும். வழுவழுப்பான தாளில் மை முத்துமுத்தாய்த் திரண்டு வழியும்.

இரண்டாவது, பெட்டியின் நிறம். சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை. கரிய பெட்டியில் கரிய எழுத்தை ஒட்டினால் ஒன்றும் தெரியாது. ஆதலால் பெட்டியை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீங்கக் கழுவி, வெள்ளையோ வெளிறிய நிறமோ பூசுதல் வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலே தெளிக்கும் வண்ணம் ஈரக்காற்றால் மங்கிப் பனி படர்ந்தாற்போல் ஆகிவிடுவதுண்டு. வெயில் நாளே ஏற்றது. வண்ணம் தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஆவி எஞ்சியிருக்கும். சில நாள் பொறாமல் தாளை ஒட்டினால் அவ்வாவி வெளியேற வழியின்றிக் கொப்புளமாய் எழும்.

மூன்றாவது, பசை. நீர்ப்பசை இங்கே உதவாது. ஒருபுறம் உலோகம், மறுபுறம் பிளாஸ்டிக். இரண்டும் நீரை உறிஞ்சா. பசை உலரவே உலராது. நிறமற்ற தெளிப்புப் பசை ஏற்றது. அதுவும் சில மைகளைக் கரைக்கும். ஆகையால் கழிவுத் துண்டொன்றில் முன்னரே சோதித்தல் நன்று. ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துணியால் அழுத்திக் காற்றை வெளியேற்றுதல் வேண்டும். தாளைப் பெட்டியின் விளிம்பிலும் ஒரு மில்லிமீற்றர் உள்ளடங்க வெட்டினால் மூலை உரியாது. குமிழ்களின் சுரைகளை இறுக்கும்போது அடியில் வளையம் இட்டால், தாள் கிழியாமல் அச்சுரைகளே அதனைப் பிடித்துக்கொள்ளும். இவை எல்லாவற்றிற்கும் முன்னே, சாதாரண காகிதத்தில் ஒருமுறை அச்சிட்டுப் பெட்டியின் மேல் வைத்துத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு காகிதத்தின் செலவு ஒரு பெட்டியைக் காக்கும்.

இனி, எழுத்து. கடைப் பெடல்களிலே பெரும்பாலும் ஆங்கிலமே காணப்படுகிறது. வீட்டில் செய்பவனுக்கு அக்கட்டாயம் இல்லை. ஒலியளவு, தொனி, கரகரப்பு என மூன்று குமிழுக்கும் தமிழ்ச் சொற்கள் ஆயத்தமாகவே உள்ளன. தமிழில் அச்சிடுவோர் இரண்டைக் கருத வேண்டும். ண, ஜ போன்ற சுழியுள்ள எழுத்துக்கள் சிறிதானால் சுழி அடைபட்டுக் கறுத்துவிடும். மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாத உயரம் நன்று. ப போன்ற எழுத்துப் புரண்டாலும் புரளாவிட்டாலும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே புரட்டிய அச்சைச் சரிபார்ப்பவர் எழுத்தை அன்று, சொல்லைப் படித்தல் வேண்டும்.

தமிழில் இதற்கெல்லாம் சொல் உண்டா என்று ஐயுறுவோருக்கு மானிப்பாயே மறுமொழி கூறும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். பிரசவ வைத்தியமும் இரண வைத்தியமும் அங்காதிபாதமும் அவர் முயற்சியால் தமிழ் நூல்களாயின. தமிழ்ச் சொல் கிடைத்த இடத்தில் அதனைக் கொண்டார்; கிடையாத இடத்தில் வடசொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ தமிழ் ஓசைக்கு இணக்கிக்கொண்டார். 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயர் அமைந்தது. மனித உடலின் ஒவ்வொரு நரம்பிற்கும் பெயரிட அஞ்சாத ஊரிலே, மூன்று குமிழுக்குப் பெயரிட அஞ்சுவது அழகன்று.

செய்தவன் அருகில் இல்லாதபோதும் கருவி தன்னைத்தானே விளக்கிக்கொள்ள வேண்டும். அவன் ஊரை விட்டு நெடுந்தூரம் சென்றபின், அவன் தம்பியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அலுமாரியிலிருந்து அப்பெட்டியை எடுப்பான். மின்செருகியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவான். அப்போது தாளின் அடியிலிருந்து தேயாத எழுத்து, ‘நடுமுனை எதிர்’ என்று அவனுக்குச் சொல்லும். அவன் சரியான செருகியைத் தேடி எடுப்பான். பெட்டி மறுபடியும் ஒலிக்கும்.