இரண்டு சத்திரசிகிச்சைகளுக்கு நடுவே



கிருமி தொற்றிய செயற்கை இடுப்பு மூட்டை மாற்றும்போது, கரைந்துபோன எலும்புக்கு எந்தக் கிண்ணம், எத்தனை திருகு, எந்த உலோகம் என்று இன்று நிறையப் பேசப்போகிறோம். பேசவேண்டியதுதான். நான் மட்டும் இரண்டு சத்திரசிகிச்சைகளுக்கு நடுவிலான வாரங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவஸ்டன், இலுக்கும்புர என்று நக்கிள்ஸ் மலையைக் கடந்தால் லக்கல பல்லேகம. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரே இடம்பெயர்ந்த பிரதேசம். முதற்கட்டத்தில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சீமெந்தில் தற்காலிக மூட்டு வைத்து, காலில் பாரம் போடாதீர்கள் என்று அங்கே ஒருவரை அனுப்புகிறோம் என்று வையுங்கள். கிளினிக்குக்கு வர அந்த மலைப்பாதை. வீட்டில் குந்தும் மலசலகூடம். தற்காலிக மூட்டு நழுவும், உடையும். ஏற்கெனவே மெலிந்த குழியை இன்னும் அரிக்கும். வசதி மிகுந்த நாடுகளிலேயே ஒரு பகுதியினர் இரண்டாம் கட்டத்துக்கு வந்து சேர்வதில்லை.

அப்படியானால் ஒரே கட்டத்தில் முடிக்கலாமா? ஜென்டாமைசினைச் சீமெந்தில் கலந்த ஹம்பர்க்கின் புக்ஹோல்ட்ஸ் அதைத்தான் செய்தார். 2022இல் வெளியான இன்ஃபார்ம் ஆய்வில், 140 நோயாளிகளிடம் 18 மாதங்களுக்குப் பிறகு வலியிலும் நடமாட்டத்திலும் இரு முறைகளுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எந்த முறையும் பொருந்தும் என்று கருதப்பட்டவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். பாப்ரோஸ்கி 3பி அளவுக்கு எலும்பிழந்தவருக்கு அந்த முடிவை நீட்டிக்க நான் துணியமாட்டேன்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது 2019இல் வந்த ஓவிவா ஆய்வு. எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள 1054 பேரில், முதல் ஆறு வாரங்களுக்கு வாய்வழி மருந்து ஊசிமருந்துக்குக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. ஊசிக்காக மட்டும் ஒருவரை வார்டில் கிடத்திவைக்கும் காரணம் பல இடங்களில் தளர்ந்துவிட்டது. ஆனால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரிந்தால்தான் மாத்திரையை நம்பலாம்.

அங்கேதான் சறுக்குகிறோம். சீழ் வடிந்ததும் ஏதோ ஒரு அன்டிபயோடிக் கொடுத்துவிட்டுப் பிறகு மாதிரி எடுத்தால் ஒன்றும் வளராது. நோயாளியின் நிலை இடங்கொடுத்தால் மருந்தை இரண்டு வாரம் நிறுத்தி மூட்டு நீரை எடுங்கள். சத்திரசிகிச்சையின்போது ஐந்தாறு இடங்களிலிருந்து திசு எடுங்கள். மெதுவாக வளரும் கிருமிக்காக ஆய்வுகூடத்தை 14 நாள் காத்திருக்கச் சொல்லுங்கள். வயல்சேற்றில் வேலை செய்யும், நீரிழிவுள்ள கமக்காரர் என்றால் மெலியோய்டோசிஸையும் நினையுங்கள். இலங்கையில் அது அரிதல்ல என்பது இப்போது தெளிவு. அதன் பக்டீரியாவைச் சாதாரண சூடோமோனாஸ் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. நம்முடைய வழக்கமான ஜென்டாமைசின் சீமெந்துக்கு அது பெரும்பாலும் அசைவதுமில்லை.

இன்னொன்று. மூட்டை எடுத்துவிட்டு வேறொன்றும் வைக்காத கேர்டில்ஸ்டன் முறையை நமது தோல்வியாகவே எழுதி வருகிறோம். கால் குட்டையாகும், பொல்லு வேண்டும். ஆனாலும் தொற்று அடங்கி, வலி தணிந்து, தன் வளவுக்குள் நடமாடும் ஒரு முதியவருக்கு மூன்றாவது, நான்காவது சத்திரசிகிச்சையை வற்புறுத்த நமக்கு என்ன உரிமை?

கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் கட்டத்தின் எக்ஸ்-ரே படங்களைக் காட்டுமுன், முதற்கட்டம் முடித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்ற எண்ணிக்கையையும் சொல்லுங்கள். முதலாம் அமர்வைத் தொடங்கலாம்.