ஒன்பதாம் வகுப்பில் கைநழுவும் பையன்கள்



வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் வகுப்பறையைப் பற்றியே பேசுகிறேன். அமெரிக்காவின் சிகாகோ நகர அரசுப் பள்ளிகளில் படிக்கும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பையன்கள்தான் என் பொருள். அவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால் வறுமை, சிதைந்த குடும்பம், தெருவில் வெடிக்கும் துப்பாக்கி என்று பதில் வரும். எல்லாமே உண்மை. ஆனால் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேலையும் இல்லை என்றாகிவிடும். பள்ளியின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சிகாகோ அளந்து பார்த்தது.

நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருக்கிறது. அங்கே அப்படி ஒரு நாள் கிடையாது. உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு. தேறிய பாடத்துக்கெல்லாம் கிரெடிட் சேரும். போதுமான கிரெடிட் சேர்ந்தால்தான் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. ஆகவே தோல்வி சத்தமில்லாமல் வருகிறது. ஒரு பருவத்தில் அல்ஜீப்ரா போகும், அடுத்த பருவத்தில் ஆங்கிலம் போகும். கூடப் படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது இவன் ஒன்பதாம் வகுப்புக் கிரெடிட்டோடு நிற்பான். பிறகு ஒருநாள் வராமலே போவான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழுவிலிருந்த எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் குறைந்தது ஐந்து முழு கிரெடிட் இருக்க வேண்டும், முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருக்கும் மாணவன் நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, மற்றவனைவிட மூன்றரை மடங்கு. 2007இல் வந்த அடுத்த அறிக்கைதான் என்னை உலுக்கியது. ஒன்பதாம் வகுப்பில் யார் தோற்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில், எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவேடு எட்டு மடங்கு துல்லியமாக இருந்தது. எட்டு வரை நன்றாகப் படித்த பையனும் ஒன்பதில் விழுந்தான். புதிய பெரிய கட்டடம், பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மதியம் அவன் வகுப்பில் இல்லை என்றால் ஏன் என்று கேட்க அங்கே அவனுக்கென்று ஒருவர் இல்லை.

பள்ளிகள் செய்தது எளிமையான காரியம். யார் எத்தனை நாள் வரவில்லை, எந்தப் பாடத்தில் விழும் நிலையில் இருக்கிறான் என்ற பெயர்ப்பட்டியல் அவ்வப்போது கைக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பெயர் பெயராகப் பேசினார்கள். வீட்டுக்குப் போன் போயிற்று. விட்ட பாடத்தை எழுதிக் கொடுக்க அவகாசம் கிடைத்தது. 2007இல் கிரெடிட், தோல்வி என்ற அந்த இரண்டு கணக்கும் சரியாக இருந்தவர்கள் நூற்றுக்கு 57 பேர். 2013இல் 82 பேர். அதிகம் பயன் அடைந்தவர்கள் கறுப்பினப் பையன்களே.

‘மார்க்கை அள்ளிப் போட்டுத் தள்ளிவிட்டிருப்பார்கள்’ என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான சந்தேகம். ஆய்வுக் குழு அதையும் பார்த்தது. முன்பானால் விலகிப் போயிருக்கக்கூடிய பலரும் பதினொன்றாம் வகுப்பு வரை வந்து ஏசிடி என்ற வெளித்தேர்வை எழுதினார்கள். முதலில் முன்னேறிய பள்ளிகளில் அந்தத் தேர்வின் சராசரி சரியவில்லை.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் வெள்ளை மாணவனைவிடக் கறுப்பின மாணவன் சஸ்பெண்ட் ஆகும் விகிதம் மூன்று மடங்கு என்று 2014இல் கூட்டரசின் புள்ளிவிவரமே சொன்னது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெரிய ஆளாகப் பார்க்கும் கண்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பது என் எண்ணம். சிகாகோவில் 2001இல் தொடங்கிய ‘பிகமிங் எ மேன்’ திட்டம் இந்தப் பையன்களை வெளியே அனுப்பாமல் பள்ளி நேரத்திலேயே வட்டமாக உட்காரவைத்தது. தொடக்கப் பயிற்சி ஒன்றில் இருவரில் ஒருவன் கையில் பந்து. மற்றவன் முப்பது விநாடியில் அதை வாங்க வேண்டும். மல்லுக்கட்டுவார்கள், விரலைப் பிரிப்பார்கள். கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பானா என்று பயிற்றுநர் விசாரிப்பார். 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா ஹைட் பார்க் அகாடமியில் இவர்களோடு அந்த வட்டத்தில் உட்கார்ந்தார். திட்டத்தில் இருந்த காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு குறைந்தது. பள்ளியை முடிப்போர் விகிதம் 12 முதல் 19 விழுக்காடு கூடியது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 2010இல் கறுப்பின ஆண் மாணவர் முன்னேற்றத்துக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. கறுப்பின ஆண் ஆசிரியர்கள் நடத்தும் தனிப் பாடமும் அதில் அடக்கம். இடைநிற்றல் குறைந்தது, மிக அதிகமாகக் குறைந்தது ஒன்பதாம் வகுப்பில்தான். வியப்பில்லை, தம்மைப் போன்ற ஓர் ஆசிரியரைப் பார்ப்பதே அந்தப் பையன்களுக்கு அரிது. அந்நாட்டு ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. நிறப்பிரிவினைப் பள்ளிகள் அரசமைப்புக்கு எதிரானவை என்று உச்ச நீதிமன்றம் 1954இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் தென்மாநிலங்களில் பள்ளிகள் ஒன்றானபோது வேலையை இழந்தவர்கள் கறுப்பின ஆசிரியர்கள். சுமார் 38,000 பேர் என்பார்கள். பிள்ளைகளுக்குக் கதவு திறந்தபோது அவர்களை அறிந்த ஆசிரியர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்த இழப்பை இன்றும் யாரும் ஈடுசெய்யவில்லை.

கடைசியாகக் கணக்குப் பாடம். டியூஷன் என்றால் நமக்குப் பள்ளி விட்ட பிறகு நடப்பது. சிகாகோவில் அது பள்ளி நேரத்துக்குள் தினமும் ஒரு பீரியட். இரண்டு மாணவருக்கு ஒரு பயிற்றுநர். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டதில், கணக்கில் தோற்பது பாதியளவு குறைந்தது. பதினான்கு வயதுக்கு மேல் செலவழிப்பது வீண் என்று அதுவரை கல்வியாளர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். செலவு ஒருவனுக்கு ஆண்டுக்கு 3,500 முதல் 4,300 டாலர். கொரோனா நிவாரண நிதியில் பல பள்ளி மாவட்டங்கள் இத்தகைய பயிற்சியைத் தொடங்கின. அந்த நிதி 2024 செப்டம்பரோடு முடிந்தது. நன்கொடை கிடைக்கும் ஆண்டில் மட்டும் நடக்கிற வகுப்பாக இது இருக்கக் கூடாது. பள்ளிக் கட்டடத்துக்கும் பேருந்துக்கும் ஒதுக்குவது போலவே, ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.