துண்டுத்துணிக்கு என்ன நிற நூல்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ரம்புக்கனைச் சகோதரிகள் சார்பில் ஆற்றிய உரை)



எங்களை இங்கே சிலர் "போர்வைக்காரிகள்" என்று அழைத்தது காதில் விழுந்தது. பொருத்தமான பெயர்தான். ரம்புக்கனையில் நாங்கள் ஏழு பேர். மெசின் நான்கு. அதில் இரண்டு, பாட்டிமார் காலத்துக் கறுப்புச் சிங்கர் கால் மெசின். ஆடைத் தொழிற்சாலைகள் கழிக்கும் வெட்டுத்துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்து, மண்சரிவில் வீடு இழந்தவர்களுக்கும் தோட்டத்து லயங்களில் உள்ள முதியவர்களுக்கும் கொடுக்கிறோம். "உங்கள் சேவையைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். சேவையைப் பற்றிப் பேச எங்களுக்குக் கூச்சம். நூலைப் பற்றி என்றால் விடிய விடியப் பேசுவோம்.

துணி கிடைப்பது பெரிய காரியமில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, 1978இல் கட்டுநாயக்க வலயம் வந்தது, 1992இல் ஊருக்கு ஊர் கார்மன்ட் என்று 200 தொழிற்சாலைத் திட்டம் வந்தது. அன்று முதல் இந்த நாட்டில் வெட்டுத்துண்டுக்குப் பஞ்சம் இல்லை. மஹரகம பமுணுவப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மூட்டை மூட்டையாகக் கிடக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்ப்போம். இழுத்தால் நீளும் டீசேர்ட் துணியையும் நீளாத சட்டைத் துணியையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஒரு கழுவலோடு போர்வை அலை அலையாகிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒட்டுப் போட்ட துணி என்றால் நம்மவர்களுக்கு வறுமையின் அடையாளம். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அதில் கசக்குவதற்குக் கிடைத்த பெருமை கந்தைக்குக் கிடைக்கவில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடியது. அந்த நாட்களில் முகாம்களுக்கு வந்து குவிந்த பழைய உடுப்புக் குவியலை எங்களில் சிலர் பார்த்தோம். பொத்தான் இல்லாத சட்டை, ஸிப் அறுந்த காற்சட்டை. சேலையும் கட்டில் விரிப்புமாக ஒழுங்காக வாழ்ந்த பெண்கள் அதன் முன்னால் நின்றார்கள். வீடு போன ஒருத்தியிடம் போய், நூற்றெட்டுத் துண்டை ஒட்டிய ஒரு துணியை நீட்டினால் அவள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்?

போர்வையைக் கையில் வாங்கும் பெண் முதலில் என்ன செய்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? விரித்துப் பூவைப் பார்ப்பதில்லை. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்கிறாள். தையல் சுருங்கியிருக்கிறதா, முடிச்சுத் தொங்குகிறதா, மேல் நூலும் அடி நூலும் ஒரே நிறமா என்று பார்க்கிறாள். கந்தையா, கைவேலையா என்று அங்கேதான் தீர்மானம் ஆகிறது. அதனால்தான் நூல் எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம்.

கணக்கைச் சொல்கிறோம். 6½ அங்குலச் சதுரம் வெட்டினால், சுற்றிலும் ¼ அங்குலம் தையலுக்குப் போய் 6 அங்குலம் நிற்கும். வரிசைக்கு 9, வரிசை 12, ஆக 108 சதுரம். 72க்கு 54 அங்குலப் போர்வை. சதுரங்களை இணைக்க ஒரு முறை, பிறகு மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்த்து அதே கோடுகளின் மேல் இன்னொரு முறை, கடைசியில் விளிம்பு. மெசின் தையல், கோட்டின் நீளத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு நூலைக் குடிக்கும். ஒரு போர்வைக்குக் கிட்டத்தட்ட 200 மீற்றர். சதுரத்துக்குச் சதுரம் நூல் மாற்ற முடியாது. சிவப்பு, மஞ்சள், கருநீலம், பூப்போட்டது எல்லாவற்றின் மேலும் ஒரே நூல்தான் ஓட வேண்டும்.

கறுப்பு எதற்கும் சேரும் என்பார்கள். வெளிர் துணியின் மேல் கறுப்பு நூல் எறும்பு வரிசைபோல நிற்கும். வெள்ளை நூலோ கருநீலத்தின் மேல் பல்லைக் காட்டும். பல நிறத் துண்டுகளுக்கு நடுத்தரச் சாம்பல்தான் பொருந்தும். துணிகளில் மண்ணிறமும் பச்சையும் கூடுதலாக இருந்தால் காக்கி. நூலின் நிறம் என்ன என்பதைவிட அது எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் கண்ணில் படும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இது தெரியும்.

நூல்கட்டையைத் துணிமேல் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு முழம் இழையை உருவித் துணிமேல் போட்டுப் பாருங்கள். கட்டையில் அடர்ந்து தெரியும் நிறம், ஒற்றை இழையாக வரும்போது வெளிறிவிடும். ஆகவே சற்று அடர்ந்ததையே எடுக்கிறோம். அதுவும் கடையின் டியூப் லைட்டில் அல்ல, வாசலுக்கு வந்து. கேகாலைக் கடைக்காரர்களுக்கு எங்களைக் கண்டாலே சிரிப்பு. இரண்டு நூல்கட்டையுடன் வீதியில் நின்று விவாதிப்போம்.

அடி நூலுக்கும் அதே நிறம். பொபினில் வேறு நிறம் போட்டால், இழுவை கொஞ்சம் தவறினாலும் அடி நூல் புள்ளி புள்ளியாக மேலே தலை காட்டும். நூல் பொலியஸ்டர்தான். பருத்தி நூல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். 14ஆம் இலக்க ஊசி, சற்று நீண்ட தையல். மூன்று துணிகளையும் முதலில் பெரிய ஓட்டுத் தையலால் பிடித்துவிட்டு நடுவில் தொடங்கி வெளியே போவோம். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் திரளும்.

நடுவே பஞ்சு வைப்பதில்லை. ரம்புக்கனை நுவரெலியா அல்ல. இங்கே தேவைப்படுவது மழைக்காலக் குளிருக்கான போர்வை. ஒரேயொரு கொடி கட்டிய லயத்துக் காம்பராவில், அடைமழையில், தடித்த போர்வை எப்படிக் காயும்? பழைய வொயில் சேலையை இரண்டாக மடித்து வைக்கிறோம். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைப்பது இப்படித்தான், பழைய சேலைகளை அடுக்கி. அவர்கள் தையல் நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவுவார்களாம். கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்களும் பழந்துணியில் கவுதி தைக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் ஹியூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006இல் தபால் முத்திரையிலும் வந்தன. குளிருக்குப் போர்த்தத் தைத்தவைதான்.

இதைப் படித்த பிறகு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒட்டுத் தெரியக் கூடாது, நூலை மறைப்போம் என்றார்கள் மூன்று பேர். மறைத்தால்தான் கந்தை, துணிந்து காட்டினால் அது வேலைப்பாடு என்றார்கள் மற்ற நால்வர். வாரக்கணக்கில் ஓடியது. கடைசியில், உள்ளே ஓடும் கோடெல்லாம் சாம்பல், விளிம்பு மட்டும் எடுப்பான நிறம் என்று முடிந்தது. அந்த நிறத்தை யார் தீர்மானிப்பது? போர்த்துகிறவள் தீர்மானிக்கட்டும் என்று எங்களில் இளையவள் சொன்னாள்.

இப்போது கொடுக்கப் போகும்போது கை மெசின் ஒன்றையும் ஆறு நிற நூலையும் கூடக் கொண்டுபோகிறோம். விளிம்பை மடித்து ஊசி குத்தி வைத்திருப்போம். நிறத்தைச் சொன்னால் அங்கேயே ஓட்டிக் கொடுப்போம். கால் மணி நேர வேலை. றப்பர்ப் பால் கறை போகாது, ஆகவே பால்வெட்டும் வீடுகளில் இருட்டு நிறம்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். வேலைக்குப் போகும் பெண்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். பாட்டிமார் அப்படியில்லை. "இந்த வயசுல எனக்கென்ன கறுப்பு, அந்தக் குங்குமக் கலர்ல போடு புள்ள" என்றார் ஒருவர். தைத்து முடியும்வரை மெசின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓர் இடத்தில் தையல் கோணுகிறது என்று சுட்டிக் காட்டினார். பிரித்துத் தைத்தோம்.

2025 நவம்பரில் டிட்வா புயல் மலையகத்தை உலுக்கிய பிறகு தேவை கூடியிருக்கிறது. வெளிநாடுகளில் இருந்து இம்மலரைப் படிக்கும் சகோதரிகள் என்ன அனுப்பலாம் என்று கேட்கிறார்கள். துணி வேண்டாம், கப்பல் கூலிக்கு இங்கே இரண்டு மூட்டை வாங்கலாம். பொலியஸ்டர் நூல், நடுத்தரச் சாம்பல், பெரிய கோன்களாக அனுப்புங்கள். 14ஆம் இலக்க மெசின் ஊசி எவ்வளவு வந்தாலும் போதாது. ஊருக்கு வரும்போது அம்மாவின் பழைய வொயில் சேலை இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். விளிம்புக்கான குங்குமச் சிவப்பு இப்போது அரைக் கட்டைதான் மிச்சம். அதையும் இரண்டு சேர்த்து அனுப்புங்கள்.