29ஆம் பிரிவு: எழுதிய நாளில் என்ன பொருள்?



அரசியல் யாப்பிலுள்ள ஒரு வசனத்துக்கு நீதிபதி எப்படிப் பொருள் சொல்ல வேண்டும்? அதை ஏற்றுக்கொண்ட மக்கள் அன்று விளங்கிக்கொண்ட பொருளையா, காலத்தோடு வளர்ந்த பொருளையா? 1986 முதல் 2016 வரை அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி ஸ்காலியா முதலாவது கட்சி. இரண்டாவது கட்சியின் பெயர்போன தீர்ப்பு இந்த இலண்டனில் பிறந்தது. கனடாவின் செனற் சபைக்குத் தகுதியான 'ஆட்கள்' என்றால் பெண்களும்தான் என்று 1929 இல் பிரிவி கவுன்சில் சொன்னது. யாப்பை வளரும் மரத்துக்கு ஒப்பிட்டவர் சாங்கி பிரபு.

இது எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் சனங்களின் வாக்குரிமை வழக்கும் அதே பிரிவி கவுன்சிலுக்குத்தான் வந்தது. 2009 இல் நம்மில் பலர் கொடியோடு நின்ற பாராளுமன்றச் சதுக்கத்தின் ஓரத்தில்தான் இன்று அந்த மன்றம் இருக்கிறது. அந்த நாளில் அது டவுனிங் வீதியில் இருந்தது.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத தடையைப் பாராளுமன்றம் விதிக்கக் கூடாது, மற்றவர்களுக்கு இல்லாத சலுகையையும் கொடுக்கக் கூடாது என்றது அது. மீறிய சட்டம் செல்லாது. 1945 நவம்பரில் அரசாங்க சபை அந்த ஏற்பாட்டை 51க்கு 3 என்ற வாக்கில் ஏற்றபோது தமிழ் உறுப்பினர்களும் சேர்ந்தே கை தூக்கினார்கள்.

பிறகு 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் 'இந்தியத் தமிழர்' என்ற சொல்லே இல்லை. நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர் தகப்பனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? அடுத்த ஆண்டு, பிரசை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது தேர்தல் சட்டம். 1947 இல் பாராளுமன்றம் போன இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 1952 தேர்தலில் ஓர் ஆசனமும் இல்லை.

வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளையின் முறையீட்டிலிருந்து வழக்கு எழுந்தது. வசனம் தெளிவாக இருக்கிறது, விளைவை ஆராய வேண்டியதில்லை என்பது 1951 இல் இலங்கை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 1953 இல் பிரிவி கவுன்சில் இன்னும் சற்று ஆழமாகப் பார்த்தது. நேரே செய்யக் கூடாததைச் சுற்றிவளைத்துச் செய்தாலும் செல்லாது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இங்கே அப்படி நடந்ததாகக் காட்டப்படவில்லை, தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான வேலை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது.

1964 இல் இலஞ்ச வழக்கொன்றில், ரணசிங்க வழக்கில், அதே மன்றம் 29ஆம் பிரிவைப் பற்றி வேறொன்று சொன்னது. அது இலங்கைப் பிரசைகளுக்கிடையிலான உரிமைச் சமநிலை, அந்த நிபந்தனையில்தான் அவர்கள் யாப்பையே ஏற்றார்கள் என்றார் பியர்ஸ் பிரபு. எழுதிய நாளின் பொருள் இதுதான். வாக்குப் போய்ப் பதினைந்து வருடம் கழித்து வந்த வார்த்தை.

அந்தப் பொருளை 1953 இல் தேடியிருந்தால் பிள்ளை வென்றிருப்பாரா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. குடியுரிமை விடயம் இலங்கை அரசின் கையில் விடப்பட்டது என்றே 1945 இல் பலர் விளங்கியிருந்தார்கள் என வாதாட இடமுண்டு. கோடீஸ்வரன் வழக்கில் நிலைமை வேறு. சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் லிகிதர் அவர். தனிச் சிங்களச் சட்டம் 29ஐ மீறியது என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964 இல் ஏற்றது. 1969 இல் பிரிவி கவுன்சில் அந்தக் கேள்வியை விசாரிக்கும்படி கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. விடை வரவேயில்லை. 1971 இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972 மே 22 இல் வந்த புதிய யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை.

பழைய பொருளா புதிய பொருளா என்ற சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும், கொடுத்த வாக்கை எதற்காகக் கொடுத்தோம் என்று யாப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். அதைக் காக்கும் நீதிமன்றத்தையும் பெரும்பான்மை தனியாகக் கலைக்க முடியாதபடி எழுத வேண்டும். இலங்கைக்குப் புதிய யாப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதிகாரப் பகிர்வு, சமஷ்டி என்று சொற்களைப் பிடித்துச் சண்டை போடுகிறோம். அந்தச் சொல்லுக்கு நாளை பொருள் சொல்லப்போவது யார், எதைப் பார்த்துச் சொல்வார் என்பதையும் கேளுங்கள். இங்கே சட்டம் படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இந்த மூன்று வழக்குகளையும் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் குடும்பங்கள் ஏன் இங்கே வந்தன என்ற கதையின் ஒரு பங்கு அந்தத் தீர்ப்புகளிலும் இருக்கிறது.